ஒரே வீட்டில் மூன்று சீட்டு, மூன்றிலும் ‘அட்ரினெர்ஜிக்’

கேள்வி: டாக்டர் சாருக்கு வணக்கம். சாயல்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். தம்பிக்கு 22 வயது, பனை ஏறுகிறான். போன மாதம் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், ஓலைக்கட்டைப் புரட்டும்போது செந்தேள் கொட்டிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றி, நாலைந்து தடவை வாந்தி எடுத்து, கை கால் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்துவிட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அட்ரினெர்ஜிக் ஸ்டார்ம்’ என்றும், பிரசோசின் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறது. செல்போனில் தேடினால் அது பிரஷர் மாத்திரை என்கிறது. 22 வயதுப் பையனுக்கு ஏது பிரஷர்? அப்பாவுக்கு ஒன்றுக்குப் போவதில் சிரமம். அவருடைய டாம்சுலோசின் மாத்திரைத் தாளிலும் ‘ஆல்ஃபா அட்ரினெர்ஜிக்’ என்று இருக்கிறது. அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவர், இப்போது இளைப்பால் போவதில்லை. அவருடைய பம்பு மருந்துத் தாளில் ‘பீட்டா அட்ரினெர்ஜிக்’. இது எங்கள் குடும்பத்துக்கே வந்த பரம்பரை நோயா? பம்பு அடித்தால் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தைராய்டுக்காரர், படபடப்பு அடங்க ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறார். அதில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா? பதநீர்ச் சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது, தம்பி எப்போது மரம் ஏறலாம்?

பதில்: சகோதரி, மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். அம்மாவின் பம்பு மருந்து மூச்சுக்குழாயில் எந்த இடத்தைத் தூண்டி இளைப்பைத் தணிக்கிறதோ, அதே இடத்தை அடைத்துவிடும் மாத்திரை ப்ரோப்ரனலால். ஆஸ்துமா உள்ளவர் அதைச் சாப்பிட்டால் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். அந்த நேரம் பம்பு அடித்தாலும் சரியாகக் கேட்காது. ஒரே ஒரு மாத்திரையில் மூச்சு முட்டி ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. ஏற்கெனவே கொடுத்திருந்து, அம்மாவுக்கு இளைப்பு கூடியிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு வார்த்தை. அவருக்கு அது சரியான மருந்துதான். பயந்துபோய் அவர் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதென்றால் அவருடைய டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சரி, இப்போது அந்த வார்த்தைக்கு வருவோம். ‘அட்ரினெர்ஜிக்’ என்று ஒரு நோய் கிடையாது. பரம்பரையாக வந்ததும் இல்லை. மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு தொந்தரவு. ஒருவருக்குத் தேள் விஷம், ஒருவருக்கு வயதானால் வரும் புராஸ்டேட் வீக்கம், ஒருவருக்கு ஆஸ்துமா. மூன்றிலும் அட்ரினலின் வேலை செய்யும் பாதை குறுக்கே வருகிறது. அதனால் மூன்று சீட்டிலும் அதே வார்த்தை வந்து நிற்கிறது. நீங்கள் பயந்ததில் தவறே இல்லை. வீட்டில் மூன்று பேர் சீட்டிலும் புரியாத ஒரே வார்த்தை இருந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். டிஸ்சார்ஜ் செய்யும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்து தமிழில் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் ஆட்களின் கடமை.

சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி வைத்தது போல அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் உட்பகுதியில் சுரப்பது அட்ரினலின். 1901-இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே இதைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார். அமெரிக்காவில் இதையே எபிநெஃப்ரின் என்பார்கள். இணையத்தில் தேடும்போது இரண்டும் வேறு மருந்து என்று குழம்ப வேண்டாம், ஒன்றேதான். இதன் நெருங்கிய உறவு நார்அட்ரினலின். அது பெரும்பாலும் நரம்பு முனைகளில் சுரப்பது.

இந்த வகை ரசாயனத்தைச் சுரந்து வேலை செய்யும் நரம்புகளைக் குறிக்க, 1933-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல் உண்டாக்கிய சொல்தான் ‘அட்ரினெர்ஜிக்’. முதலில் நரம்புக்கு மட்டும் சொன்னார்கள். அப்புறம் அந்த ரசாயனம் போய் ஒட்டும் இடத்துக்கும் சொன்னார்கள். அந்த இடத்துக்கு ரிசெப்டர், தமிழில் ஏற்பி, என்று பெயர். கடைசியில் அந்த ஏற்பியில் வேலை செய்யும் மருந்துக்கும் அதே சொல்லே வந்துவிட்டது. அதனால் சீட்டில் ‘அட்ரினெர்ஜிக்’ என்று மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். அதற்கு முன்னால் ஆல்ஃபாவா, பீட்டாவா என்று பார்க்க வேண்டும். பின்னால் அகோனிஸ்டா, பிளாக்கரா என்று பார்க்க வேண்டும். அகோனிஸ்ட் என்றால் தூண்டுவது, பிளாக்கர் என்றால் அடைப்பது. அன்டாகோனிஸ்ட் என்று எழுதியிருந்தால் அதுவும் அடைப்பதுதான்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறுவது ஒரே கூண்டு. அதைக் கேட்டுப் படகுக்காரர் கரையில் இழுத்துக் கட்டுகிறார். மீன்துறை அலுவலகத்தில் கடலுக்குப் போகும் டோக்கன் கொடுப்பது நிற்கிறது. காற்று மிஞ்சினால் ரயில் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. அதே நேரம் மின்வாரியத்துக்காரர்களும் மீட்புப் படையினரும் வேலையைக் கூட்டுகிறார்கள். அறிவிப்பு ஒன்றுதான், அவரவர் செய்வது வேறு. அட்ரினலினும் அப்படித்தான். தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக்குழாயைச் சுருக்கும். இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். மூச்சுக்குழாயையோ, சுருக்காமல் விரித்துவிடும். ஒரே பொருள் ஓரிடத்தில் இறுக்கி, இன்னோரிடத்தில் தளர்த்துவது எப்படி என்று ஆராய்ச்சிக்காரர்கள் வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-இல் விடை சொன்னார்: ஏற்பிகளே இரண்டு வகை, ஒன்று ஆல்ஃபா, மற்றது பீட்டா. அன்றைக்கு அவர் பேச்சை அதிகம் பேர் காதில் வாங்கவில்லை. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் அதை நம்பிப் பீட்டாவை மட்டும் அடைக்கும் மருந்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அதுதான் உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடும் ப்ரோப்ரனலால். 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டு வகைக்குள்ளும் 1, 2 என்று உட்பிரிவு உண்டு. நடைமுறைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ரத்தக்குழாயை இறுக்குவதும், சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்குவதும் ஆல்ஃபா 1. இதயத் துடிப்பைக் கூட்டுவது பெரும்பாலும் பீட்டா 1. மூச்சுக்குழாயை விரிப்பது பீட்டா 2.

தம்பி கதைக்கு வருகிறேன். செந்தேளின் விஷம் நரம்பு முனைகளைப் போட்டு உலுக்கிவிடும். நரம்பு முனைகளிலிருந்தும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் கட்டுக்கடங்காமல் கொட்டும். அந்த நிலையைத்தான் ‘அட்ரினெர்ஜிக் ஸ்டார்ம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆல்ஃபா ஏற்பிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டு ரத்தக்குழாய்கள் இறுகும். கை கால் ஐஸ் மாதிரி ஆனது அதனால்தான், ரத்தம் அங்கே போகவில்லை. இறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போகும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, நுரையாக வரும். தேள் கொட்டிச் சாகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகிறார்கள்.

பிரசோசின் ஆல்ஃபா 1-ஐ அடைக்கும் மாத்திரை. இறுகிய குழாய் தளரும், இதயத்தின் சுமை இறங்கும். ரத்த அழுத்தத்துக்கென்று வந்த மருந்து என்பது உண்மை. ஆனால் தம்பிக்கு அது தேள் விஷத்தின் விளைவை முறிக்கக் கொடுத்தது. அவனுக்குப் பிரஷர் நோய் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதை அவன் தொடர்ந்து சாப்பிடவும் வேண்டியதில்லை.

இந்த வைத்தியத்தை உலகத்துக்குச் சொன்னது பெரிய நகரத்து ஆராய்ச்சிக்கூடம் இல்லை. மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில், ராய்கட் மாவட்டத்து மகாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். அங்கேயும் இதே செந்தேள்தான். நோயாளிகளின் பக்கத்திலேயே ராத்திரி பகலாக உட்கார்ந்து, எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று குறித்துவைத்தவர். வாந்தி, வேர்வை, சில்லிட்ட கை கால், ஆண்பிள்ளைகளுக்குக் குறி விறைத்து நிற்பது ஆகியவை இதயம் பாதிக்கப்படப் போவதன் முன்னறிகுறி என்று 1982-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். 1986-இல் பிரசோசின் பற்றியும் அதே இதழில் எழுதினார். அதற்குப் பிறகுதான் கடுமையாக விஷம் ஏறியவர்களும் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். 2022-இல் பவஸ்கருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு பழைய, மலிவான மாத்திரை எங்கள் வார்டுகளில் இத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது என்றால் அது அவர் போட்ட புண்ணியம். இப்போது தேள் விஷமுறிவு ஊசியும் இருக்கிறது. பிரசோசினோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பதையும் 2011-இல் அவரே காட்டியிருக்கிறார்.

வார்டில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நர்ஸ் அடிக்கொருதரம் வந்து தம்பியின் பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்திருப்பார். காலில் சூடு திரும்புகிறதா என்று பார்ப்பது அது. சூடு வரும்வரை சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை தொடரும். இன்னொன்றும் சொல்லியிருப்பார்கள்: எழுந்து உட்காராதே, படுத்தே இரு என்று. முதல் மாத்திரை போனதும் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்குத் தேள் கொட்டி இந்த மருந்து கொடுத்திருந்தால், அழுகிறதே என்று தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளக் கூடாது. படுக்க வைத்தபடியேதான் சமாதானப்படுத்த வேண்டும்.

உங்கள் ஊர்ப் பனைக்காட்டுக்குப் பொதுவாக ஒரு விஷயம். கொட்டின இடத்தில் கடுப்பு குறைவாக இருக்கிறதே என்று யாரும் தைரியமாக இருந்துவிட வேண்டாம். கடுப்பு உயிர் போகிற மாதிரி இருந்து, வேர்வையும் வாந்தியும் இல்லாதவரைப் பார்த்து நாங்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. கடுப்பு லேசாக இருந்து, சட்டை நனைய வேர்த்து, கை சில்லிட்டவரைத்தான் முதலில் கவனிக்கிறோம். கயிற்றால் கட்டுவது, கீறுவது, மந்திரிக்கப் போவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலை.

இதோடு சேர்த்தே கதண்டு என்கிற குளவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ‘அட்ரினெர்ஜிக்’ என்ற வார்த்தை அப்படியே தலைகீழாகத் திரும்புகிறது. பனை ஏறும்போது கதண்டு கொட்டி, சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மயக்கம் வந்தால் அது கடும் ஒவ்வாமை. அனாஃபிலாக்ஸிஸ் என்போம். இறால், நண்டு சேராதவர்களுக்கும் இது வரும். அங்கே ரத்தக்குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்து, மூச்சுக்குழாய் இறுகிக் கிடக்கும். அதற்கு உயிர் மருந்தே அட்ரினலின் ஊசிதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவோம். ஆல்ஃபா வழியாக ரத்தக்குழாயை இறுக்கி, பீட்டா வழியாக மூச்சுக்குழாயைத் திறந்துவிடும். தம்பிக்கு எது பொங்கி வழிந்து உயிரை வாங்கப் பார்த்ததோ, இவருக்கு அதையே ஊசியில் ஏற்றுகிறோம். அதனால் ‘ஏதோ பூச்சி கடித்துவிட்டது’ என்று சொல்லாமல், கொட்டியது தேளா, கதண்டா, பார்த்தீர்களா, எத்தனை மணிக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு அட்ரினலின் ஊசி எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம், டாக்டர் வேறு மருந்தும் தயாராக வைத்துக்கொள்வார்.

அப்பாவின் டாம்சுலோசினும் ஆல்ஃபா 1-ஐ அடைப்பதுதான், ஒரு வகையில் பிரசோசினுக்குப் பங்காளி. ஆனால் இது பெரும்பாலும் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துகிறது. வழி விட்டுக்கொடுக்கும், ஒன்றுக்குப் போவது எளிதாகும். டாக்டர் சொன்ன நேரத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் தலைசுற்றல் குறையும். ராத்திரி எழுந்து கொல்லைக்குப் போகும்போது உடனே நின்றுவிடாமல் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய சீட்டில் பெரிய எழுத்தில் இரண்டு விஷயம் எழுதிவையுங்கள். முதலாவது, சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. அவற்றில் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் கலந்திருக்கும். அது ஆல்ஃபாவைத் தூண்டுவது, அதாவது அப்பாவின் மாத்திரை எதைத் தளர்த்துகிறதோ அதையே இறுக்குவது. அதோடு தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்தும் சேர்ந்திருந்தால் சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வயிறு உப்பிப்போய், டியூப் போடச் சொல்லி வரும் பெரியவர்களிடம் ‘சளிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களாய்யா?’ என்றுதான் முதலில் கேட்கிறேன். இரண்டாவது, கண்புரை ஆபரேஷன். டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்குக் கருவிழித் திரை தளர்ந்துபோய் ஆபரேஷனின்போது மடங்கும், சுருங்கும். முன்கூட்டியே தெரிந்தால் கண் டாக்டர் அதற்கேற்பச் செய்துகொள்வார். இலவச முகாமில் கூட்டமாகக் கூட்டிப்போகும்போது இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அம்மாவின் பம்பில் இருப்பது சால்புட்டமால், பீட்டா 2-ஐத் தூண்டுவது. இந்தப் பீட்டா 2 கை கால் தசைகளிலும் இருக்கிறது, அதனால்தான் நடுக்கம். கொஞ்சம் இதயத்தையும் தொடுவதால் படபடப்பு. அடித்த கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும், தனியாக மாத்திரை வேண்டாம். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

எனக்கு உங்கள் கடிதத்தில் நடுக்கத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை பம்பு அடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நடுக்கம் இவ்வளவு தெரிகிறதென்றால் அடிக்கடி அடிக்கிறாரோ என்று சந்தேகப்படுகிறேன். சால்புட்டமால் அந்த நேரத்து இறுக்கத்தை மட்டும் விலக்கும். உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றாது. அதை ஆற்றுவது உறிஞ்சும் ஸ்டீராய்டு. பெரியவர்களுக்குச் சால்புட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டக் கூடாது என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-இலேயே சொல்லிவிட்டது. ‘ஸ்டீராய்டா, ஐயோ’ என்று பயப்பட வேண்டாம். உறிஞ்சும் அளவு மிகக் குறைவு, அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். பம்பை ஸ்பேசர் குழாய் மாட்டி அடிக்கிறாரா என்றும் டாக்டர் முன்னால் ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூச்சு அடக்கி முக்குளித்துப் பாசி எடுத்தவருக்கு, மருந்தை இழுத்து மூச்சைப் பத்து எண்ணும்வரை பிடித்துவைப்பது சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். அப்புறம், கண் நீர் அழுத்தத்துக்கு டிமோலால் என்று ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. அதுவும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விடும் சொட்டுகூட ஆஸ்துமாக்காரருக்கு இளைப்பைக் கொண்டுவரும். நாளைக்கு அம்மாவுக்கு யாராவது அதை எழுதினால், ‘எனக்கு இளைப்பு உண்டு’ என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தம்பி மரம் ஏறுவது பற்றி: பிரசோசின் ஒரு நாளுக்குள் உடம்பைவிட்டுப் போயிருக்கும், அதனால் இப்போது தடையில்லை. தடை இதயத்தின் நிலையில்தான். அந்த அட்ரினலின் புயலில் (‘ஸ்டார்ம்’) அடிபட்ட இதயம் பெரும்பாலும் சில நாளில், சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போய் ஒரு இசிஜி, ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்து, வேகமாக நடந்தால் மூச்சு வாங்காமல் இருந்தால் ஏறலாம், முதல் வாரம் ஒரு நேரம் மட்டும், மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு. எக்கோவில் குறை இருந்தால் இந்தச் சீசன் வேண்டாம். காய்ச்சுகிற வேலையைப் பார்க்கட்டும், ஓலையைக் கையால் புரட்டாமல் கம்பால் தட்டிவிட்டு எடுக்கட்டும்.